முதல் பக்கத்தில் தோகை

டாக்டர் மயிலின் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் செய்துதரும் வேலை உடும்புக்கு வந்தது. உடும்பு பிடித்தால் விடுமா? "மணலில் வரைஞ்சு பார்க்காம ஒரு பட்டனைக்கூடத் தொடமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டது.

"வரையும்யா. முதல் பக்கம் முழுக்க என் தோகை" என்றது மயில்.

"வர்றவங்க எதைத் தேடுவாங்கன்னு பார்த்துட்டுப் போடலாமே, டாக்டர்?"

"மூணு நாளா இதே பாட்டு! தோகைன்னா தோகைதான்."

உடும்பு மேலே 'ஆஸ்பத்திரி' என்று எழுதி, கீழே தோகையை வரைந்தது. ஆனால் வேலையைத் தொடங்கவில்லை. யாராவது வரட்டும் என்று வழியையே பார்த்துக் கிடந்தது.

அப்போது வெளியூர் ஆடு ஒன்று, மூச்சுத் திணறும் குட்டியோடு ஓடிவந்தது. மணலில் 'ஆஸ்பத்திரி' என்று கண்டதும் குனிந்து, மேலும் கீழும் தேடியது.

"தோகை அழகாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் போகணும்னு போடலையே! குட்டி பாலிதீன் பையை முழுங்கிடுச்சுய்யா!"

உடும்பு வாயைத் திறப்பதற்குள் மயில் பாய்ந்துவந்து, குட்டியின் தொண்டைக்குள் அலகைவிட்டுப் பையை உருவி எறிந்தது.

குட்டி கத்தியது. மயில் மணலுக்கு வந்து, தன் நீளத் தோகையாலேயே அந்தத் தோகைப் படத்தைச் சுத்தமாகப் பெருக்கித் தள்ளியது.

"இப்போ வரையும்யா, வழியை."