சுவரில் ஒரு மெத்தை குறைகிறது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் ஊரின் ஐஸ் ஹாக்கி அரங்கில் விரித்த பச்சைத் தரையில், எருமைகள் அணி தன் கடைசி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறது. நாளை முதல் அணி இல்லை என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். உள்ளரங்கு ஆட்டத்துக்கு மைதான எல்லை என்பது இடுப்புயரப் பலகைச் சுவர்தான். அதில் வரிசையாகக் கட்டிய ஸ்பாஞ்சு மெத்தைகளில் ஆட்கள் வந்து மோதும்போதெல்லாம் முன்வரிசையில் எங்கள் பியர் தளும்புகிறது. பக்கத்து இருக்கை லோர்னா, தனக்கு நேர் முன்னாலிருந்த மெத்தையைப் பேனாக்கத்தியால் அறுத்தெடுத்து, அதில் அச்சிட்ட அணியின் எருமை முகம் மேலே தெரிய மடியில் வைத்திருக்கிறாள். "இத்தனை வருஷமா இதைக் கையால குத்திக் குத்திக் கத்தியிருக்கேன். எவனோ குப்பையில போடுறதுக்கா விட்டுட்டுப் போவேன்?" என்கிறாள். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் டெரல் ஓடி வருகிறான். "உங்க டீமே செத்துப்போச்சு, இன்னும் எங்கடா ஓடுற?" என்று எதிரணித் தடியன் துரத்துகிறான். லோர்னா எழுந்துவிட்டாள். "மிதிச்சுட்டு வாடா, என் ராசா!" தடியன் டெரலின் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கிறான், அது கழன்று உருள்கிறது. அவனை இடுப்போடு தூக்கி எங்கள் பக்கம் எறிகிறான். வழக்கமான 'பொத்' கேட்கவில்லை. வெறும் பலகையில் எலும்பு மோதுகிறது. மெத்தையைக் கட்டியிருந்த, துருத்தி நிற்கும் போல்ட்டில் தோலும் முடியும் ஒட்டியிருக்கின்றன. எதிர்ப்பக்கக் கூட்டம் இன்னும் கைதட்டுகிறது. லோர்னா மெத்தையை இரு கைகளாலும் பழைய இடத்தில் வைத்து அழுத்துகிறாள். கையை எடுத்ததும் அது சரிகிறது. மறுபடியும் வைத்து அழுத்துகிறாள்.