இடது கன்னத்து மச்சம்

கீரைக்காரி டார்கஸைப் பற்றித் தான் எழுதிய பாட்டை, லண்டன் தெருவோரத்தில் அவளுக்கே வாசித்துக் காட்டினார் கவிஞர் லாரிமர். அடுத்த வாரம் பத்திரிகையில் வரப்போகிறது.

“பசி பசின்னு ஏழெட்டு இடத்துல வருதே ஐயா. இந்த ஊர்ல பசி யாருக்குத்தான் இல்ல? என் இடது கன்னத்து மச்சத்தைச் சேருங்க.”

லாரிமருக்குச் சிரிப்பு வந்தது. “இந்த வயசுல உனக்கு அழகு கேக்குதா?”

“கேட்டா என்னவாம்? இந்த ஹோல்போர்ன் தெரு அடிபம்புக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன்னும் போடுங்க.”

“இது பாட்டும்மா. விலாசம் எழுதினா சந்தம் கெட்டுப்போகும். படிக்கிறவங்க கண்ணு கலங்கணும், அதான் முக்கியம்.”

“பெரிய வீடுகள்ல இதைச் சத்தமாப் படிப்பாங்கன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா. சாயங்காலம் குடும்பமே உக்காந்து கேக்கும்.”

“டீ கொண்டுவர்ற வேலைக்காரப் பொண்ணு காதுலயும் விழும்ல?”

“விழும். அதுக்கென்ன?”

டார்கஸ் கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்தாள்.

“ஏழை விடுதியில நான் காய்ச்சலாக் கிடந்தப்போ, என் மக கெசையாவை எங்கயோ வீட்டு வேலைக்கு அனுப்பிட்டாங்க. எந்த ஊருன்னு சொல்ல ஆளில்ல. ஆறு வருஷமாச்சு. அவகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்களாம்.”

லாரிமர் பென்சிலை எடுத்து, தனக்கு மிகவும் பிடித்த கடைசி இரண்டு வரிகளை அடித்தார்.

“மச்சம், அடிபம்பு. வேற என்ன போடணும்?”

“இந்த இடத்தை விட்டு நான் எங்கயும் போகமாட்டேன்னு போடுங்க ஐயா.”