ஜவுளிக்கடை ஸ்டூல்

காந்திபுரம் ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் தீபாவளி விளக்குகள் கண்ணைக் கூச வைக்கின்றன. காலையிலிருந்து நின்றபடியே சேலைகளைப் பிரித்துப் போடும் ஷைமாவுக்குக் கணுக்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. வேலையாட்கள் உட்காரப் போட்ட ஒரே ஸ்டூலில் காங்கேயத்து அம்மாள் ஒருத்தியின் கட்டைப்பைகள் சாய்ந்து கிடக்கின்றன. அவள் முன்னால் மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூ நிறமுமாகச் சேலைகள் குவிந்திருக்கின்றன; ஒன்றும் அவள் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஷைமா கால் மாற்றி நிற்பதை அவள் கவனித்துவிடுகிறாள். “ஏங் கண்ணு, காலு நோவுதா?” “அதெல்லாம் இல்லைங்க்கா.” “பொய் சொல்லாத. உன்ற எடத்தை நாந்தான் புடிச்சுட்டனாட்ட இருக்குது!” சிரித்துக்கொண்டே பைகளைத் தரையில் இறக்கி வைக்கிறாள். “உக்காரு அம்மணி.” சூப்பர்வைசர் பார்க்கிறாரா என்று ஒருமுறை நோட்டம் விட்டு, ஷைமா மெல்ல உட்காருகிறாள். செருப்பைக் கழற்றிய உள்ளங்காலில் தரையின் குளிர்ச்சி இதமாக ஏறுகிறது. கண் தானாகச் சொருகுகிறது. “உக்காந்துட்டே காட்டு, எனக்கொண்ணும் அவசரமில்ல” என்கிறாள் அந்த அம்மாள் பரிவோடு. சொல்லும்போதே அவள் பார்வை மேலே போகிறது. “அந்த உச்சித் தட்டுல ரோஸ் தெரியுதே, அதை மட்டும் எடுத்துப் போடு கண்ணு.” ஷைமா எழுந்து, அந்த ஸ்டூலின் மேலேயே ஏறுகிறாள்.