சும்மா சுற்றும் சக்கரம்

மேசையில் இரண்டு கைபேசிகள். ஒன்றில் பழைய வங்கிச் செயலி. இன்னொன்றில், புது இயங்குதளத்துக்காக ஆறு மாதம் மாய்ந்து மாய்ந்து முதலிலிருந்து எழுதியது. ஐந்து மணிக்கு வெளியீடு. சன்னல் இடுக்கில் நுழையும் நாலு மணி வெயில், கண்ணாடித் திரைகளில் கைரேகைகளைக் காட்டிக்கொடுக்கிறது. சோதித்துப் பார்ப்பவளின் முதுகுக்குப் பின்னால், மின்னல் என்று பட்டப்பேர் வாங்கிய நிரலாளன் நெருப்பை மிதித்தவன்போல் நடக்கிறான். பழையதில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறாள். பொத்தான் மறைந்து, அதன் இடத்தில் சக்கரம் இரண்டு நொடி சுற்றி, பணம் போய்விட்டது என்கிறது; பக்கத்து மேசையில், பணம் வந்துசேர வேண்டிய மூன்றாவது கைபேசி ஒருமுறை அதிர்கிறது. “அந்தச் சக்கரம் சும்மாக்கா. எவனோ வேணும்னே தாமதம் வச்சிருக்கான். புதுசுல தூக்கிட்டேன்.” “எதுக்கு வச்சான்னு கேட்டியா?” “யாரைக் கேக்க? எழுதினவங்க எல்லாரும் வேலைய விட்டுப் போயாச்சே.” புதியதில் அழுத்துகிறாள். விரலை எடுப்பதற்குள் பச்சைக் குறி மின்னி மறைந்து, பழையபடி ‘அனுப்பு’ பொத்தானே நிற்கிறது. “போச்சா இல்லையா?” என்று முணுமுணுக்கிறாள், விரல் தானாக இன்னொரு முறை அழுத்துகிறது. பின்னால் நடை நிற்கிறது. பக்கத்து மேசையில் அந்த மூன்றாவது கைபேசி அதிர்கிறது, அடங்குகிறது, மறுபடியும் அதிர்கிறது.