சிங்காரவேலு வைத்த அளவு

பஸ் டிக்கெட் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய செட்டிங் இருந்தது. நினைவகத்தில் எவ்வளவு இடம் எடுக்கலாம் என்று சொல்வது அதன் வேலை. கம்ப்யூட்டரோ நத்தையாய் ஊர்ந்தது. சாயங்காலத்துக்குள் வேகம் வராவிட்டால் காயலான் கடைதான். கோளாறு எந்த செட்டிங்கில் என்று பார்க்க, கையேடெல்லாம் படித்த ஏஐ ஒன்று வந்தது. முந்நூறு செட்டிங்குகளை விசாரித்துவிட்டு இதனிடம் நின்றது.

"ஏன் பெரியவரே, இத்துனூண்டு இடம்தானா எடுக்கிறீங்க?"

"என்னை இங்கே வச்ச இன்ஜினியர் சிங்காரவேலு சொன்ன அளவுப்பா. அப்போ நினைவகமே ஒரு கைப்பிடிதான். 'பார்த்து எடு, மத்தவங்களும் பிழைக்கணும்'னாரு. அடடா, எவ்வளவு ஒத்துமையா இருந்தோம்."

"இப்போ நூறு மடங்கு கிடக்கு. நீங்க எடுக்காததாலதான் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எல்லாரும் மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடுறாங்க."

பழைய செட்டிங் கூச்சத்தோடு நிறைய எடுத்துக்கொண்டது. வெளியே வரிசை மளமளவென்று நகர்ந்தது.

"தம்பி, சிங்காரவேலு என்னைக்காவது வந்தா, நீ சொல்லித்தான் எடுத்தேன்னு சொல்லிடு."