ஒன்பது நாளாய் மழை இல்லை

தேங்கிக் கிடந்த தண்ணீரில் ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டான் அர்மாண்ட். தண்ணீர் அதை முழுதாய் மூடியது.

தட்டையாய்க் கிடக்கும் நாணயத்தைத் தண்ணீர் மூடினால் பள்ளம். பள்ளமென்றால் தார் போட்டு நிரப்பியாக வேண்டும். தார்க்காரர்கள் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால், மெய்ன் மாநிலத்தில் ஒன்பது நாளாய் ஒரு சொட்டு மழை இல்லையே?

வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் தார்ப்பாதையின் கடைசியில், இந்த வேலிக்கும் அந்த வேலிக்கும் நடுவே, தாண்டிப் போக வழியில்லாமல் நின்றது தண்ணீர். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். மற்ற இடமெல்லாம் வாட்டம் சரி. குழாய் எதுவும் கசியவில்லை.

வேலியடியில் ஒரு பச்சை ஹோஸ். நுனியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அட, வீட்டுக்காரக் கிழவரே ஊற்றுகிறார்!

எதற்கு?

“இதுல மீன் வளக்கறீங்களா பெரியவரே?”

“சுறா. கைய வெக்காத, கடிச்சிரும்” என்றார் வாசலில் நின்ற நாரிஸ். “எம் பொண்ணு பாஸ்டன்ல உக்காந்துக்கிட்டு ஃபோன் போட்டா நீ வந்து நின்னுருவியா? பள்ளம் பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. கிளம்பு தம்பி.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்புவதா? இன்றிரவு உறைபனி என்று ரேடியோ சொல்லிவிட்டது. விடிந்தால் இந்தத் தண்ணீர் ஐஸ். எண்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும் இருக்கிற வீடு. ஒரு சறுக்கல், ஒரு இடுப்பெலும்பு, கதை முடிந்தது. தார் ஆலையோ இன்றோடு மூடுகிறது, இனி ஏப்ரலில்தான். லாரியில் இருந்த கடைசித் தாரும் ஆறிக்கொண்டிருந்தது.

திட்டினால் திட்டட்டும்.

காதடைப்பை மாட்டினான். தண்ணீரைத் துடைப்பத்தால் வேலியடிக்குத் தள்ளினான். காற்றூதும் மெஷினைப் பிடித்து ஈரம் போக உலர்த்தினான். பிறகு லாரிக்குள் ஏறி, குனிந்து, தாரைத் தள்ளுவண்டிக்கு அள்ளத் தொடங்கினான்.

இறங்கியபோது நாரிஸ் பாதையின் முனையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. காய்ந்த தாரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அர்மாண்ட் காதடைப்பைக் கழற்றினான்.

“தண்ணி எங்கடா?”

“காய வெச்சுட்டேன். இன்னும் பத்து நிமிஷத்துல...”

“அவ வெளிய போயிட்டாடா! வீடு எதுன்னே மறந்துபோவுது அவளுக்கு. பொண்ணுக்குக்கூடச் சொல்லல, ஹோம்ல கொண்டுபோய் விட்ருவா. அந்தத் தண்ணில மிதிச்சுட்டுத்தான் போவா. ஈரக் காலடியப் பாத்துத்தான் எந்தப் பக்கம்னு...”

இடப்பக்கம் போனால் ஆறு. வலப்பக்கம் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் தெரு சுக்காய்க் காய்ந்து கிடந்தது.

நாரிஸ் ஆற்றுப் பக்கம் ஓடினார்.

அர்மாண்ட் வலப்பக்கம் ஓடினான். கூப்பிட வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது, அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.