தவிர்க்க முடிந்த காரணம்

குடியுரிமை கேட்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் தங்கக் கூடாதே, உங்களுக்கு மட்டும் ஏன் இருநூற்று மூன்று நாள் ஆயிற்று என்று வளர்மதியிடம் அதிகாரி கேட்டார். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் பெண் அதைத் தமிழில் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, அப்பா சாகக் கிடந்தாருன்னு விண்ணப்பத்துல இருக்கு. தவிர்க்க முடியாத காரணம்னு சொல்லிடுங்க, விட்டுடுவாங்க.”

“தவிர்க்க முடிஞ்சது,” என்றாள் வளர்மதி.

அவள் ஊருக்குப் போன நூற்று அறுபதாம் நாள் அது. அப்பாவுக்கு நினைவில்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாய் பால் ஊற்றிவிட்டார்கள். அண்ணன் பால் டம்ளரை அவளிடம் நீட்டினான். “உனக்காகத்தான் உயிர் நிக்குது. நீ ஊத்தினா அடங்கிடும். பதினாறாம் நாள் காரியத்த முடிச்சிட்டு, தேதிக்குள்ள பிளைட் ஏறிடலாம்.”

அவள் டம்ளரை வாங்கி, அவன் கண்ணெதிரே கடைசிச் சொட்டு வரை தானே குடித்தாள். அப்பா அதற்குப் பிறகு இருபத்தேழு நாள் மூச்சு விட்டார்.

“ஒரு வாய் பால் ஊத்தியிருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன். ஊத்தல. அப்படியே சொல்லும்மா.”

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். வளர்மதி நிமிர்ந்து உட்கார்ந்து, புறங்கையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டாள்.